பத்து விரல் கணக்கு

கை நடுங்குபவர்கள், ஒரு கை இழந்தவர்கள், விரல் மடங்காதவர்கள் கணினியில் எழுத என்னென்ன வழிகள் இருக்கின்றன? அவை ஏன் அவர்கள் கைக்கு வந்து சேர்வதில்லை?

ய ள ன க ப க.

தட்டச்சுப் பயிலகத்துப் படியேறியவர்களுக்கு இந்த ஆறு எழுத்தும் தூக்கத்தில்கூட வரும். தமிழ் டைப்ரைட்டிங்கில் இடது கைக்கு முதல் பாடம். சுண்டு விரலில் ய, மோதிர விரலில் ள, நடுவிரலில் ன, ஆள்காட்டி விரலில் க. அதே விரலை உள்பக்கம் நீட்டினால் ப, திரும்பி வந்தால் மறுபடி க.

என் பெரியப்பா மன்னார்குடியில் முப்பத்தொரு வருடம் இந்தப் பாடத்தை நடத்தியவர். பிள்ளைகள் விசையைப் பார்த்துப் பார்த்து அடிக்கக் கூடாது என்று அவர்கள் கைமேல் ஒரு துண்டை விரித்து மூடிவிடுவார். ஒற்றை விரலால் குத்துகிறவனைக் கண்டால் ஸ்கேலோடு வந்து நிற்பார். "பத்து விரல் இருக்குல்ல? பத்துக்கும் வேலை கொடு" என்பார்.

அறுபத்தெட்டாவது வயதில் பக்கவாதம் வந்தது. சில மாதங்களில் நடை தேறியது, பேச்சு குழறலாகத் திரும்பியது. வலது கை மட்டும் வரவேயில்லை. மகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. இடது கை தன் இடத்தை மறக்கவில்லை. வலப்பக்கத்து எழுத்துகளையும் மெல்ல எட்டிப் பிடித்துக்கொண்டது. ஷிஃப்ட்தான் அவரைத் தோற்கடித்தது. பழைய டைப்ரைட்டர் முறையில் ஷிஃப்ட் இல்லாமல் நான்கு வரி அடிக்க முடியாது. அதைப் பிடித்தபடியே பலகையின் மறுகோடியில் இருக்கும் எழுத்தையும் அதே கையால் எட்டுவது யாராலும் ஆகாது. முழங்கையால் அழுத்திப் பார்த்தார். பக்கத்து விசைகளும் சேர்ந்து அமுங்கின. கம்ப்யூட்டர் கடைக்காரர், "போன்ல பேசுனாலே டைப் ஆயிடும் சார்" என்றார். குழறிய பேச்சுக்கு அந்த போன் எழுதிக் காட்டிய சொற்களைப் பார்த்துப் பெரியப்பா அதைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அன்றைக்கு நான் ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. கேம் விளையாடும் பிள்ளைகள் எரிச்சலோடு மூடுகிற, நானும் பதினைந்து வருடமாக வேண்டாம் என்று மூடிவந்த அதே பெட்டி. இம்முறை வேண்டும் என்றேன். "பெரியப்பா, ஷிஃப்டைப் பிடிச்சுக்க வேணாம். ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடுங்க. அது ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்புறம் எழுத்தை அடிங்க." அவர் தட்டினார், விட்டார், மூச்சு வாங்கிக்கொண்டு எழுத்தைத் தேடி அடித்தார். வந்தது.

அவர் பக்கவாதத்தில் விழுந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பெட்டி பதினான்கு மாதமும் அதே கம்ப்யூட்டருக்குள் இருந்திருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பவை

அதன் பெயர் ஸ்டிக்கி கீஸ். இதன் வேர் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மேடிசன் நகரத்தில் இருக்கிறது. மூளை முடக்குவாதத்தால் பேசவும் எழுதவும் முடியாத ஒரு பள்ளிச் சிறுவனுக்கு உதவ 1971இல் மாணவர்கள் சிலர் கூடினார்கள். கிரெக் வாண்டர்ஹைடன் அவர்களில் ஒருவர். அந்த முயற்சி டிரேஸ் மையம் என்ற ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வரத் தொடங்கிய காலத்தில், இந்த வசதிகளைத் தனியாக விற்காமல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் உள்ளேயே வைத்துவிடுங்கள் என்று நிறுவனங்களோடு மன்றாடி வேலை செய்தவர்கள் இவர்கள்தான். 1987இல் மேகின்டாஷிலும், பிறகு விண்டோஸ் 95இலும் அது நடந்தது. இன்றைக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் இருக்கிறது.

ஷிஃப்டை இரண்டு முறை தட்டினால் பூட்டிக்கொள்ளும், இன்னொரு முறை தட்டினால் விடும். ஒரு சிக்கலை மட்டும் சொல்லியாக வேண்டும். இரண்டு விசைகளை யாராவது சேர்த்து அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் அணைந்துவிடும்படி ஒரு குறி இருக்கும். உதவ வந்த பேரன் பழக்கத்தில் இரண்டை அழுத்திவிட்டுப் போவான். தாத்தா 'கெட்டுப்போச்சு' என்று உட்கார்ந்திருப்பார். அந்தக் குறியை எடுத்துவிடுவது நல்லது.

வலது ஷிஃப்டை எட்டு நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். அதில் இரண்டு உண்டு. ஸ்லோ கீஸ், விசையைச் சற்று நேரம் அழுத்தியிருந்தால்தான் எழுத்தை ஏற்கும். போகிற வழியில் விரல் உரசிய விசைகளைக் கணக்கில் எடுக்காது. பவுன்ஸ் கீஸ், ஒரே விசை அடுத்தடுத்துச் சட்டென்று இருமுறை பட்டால் இரண்டாவதைத் தள்ளிவிடும்.

இந்த இரண்டாவதில் தமிழுக்கே உரிய சங்கதி ஒன்று இருக்கிறது. 1999 சென்னை மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகையில் ஒரே மெய்யை இருமுறை அடித்தாலும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அடித்தாலும் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அழகான ஏற்பாடு. ப, ந, த, உ என்று நான்கே தட்டில் 'பந்து' வந்துவிடும். ஆங்கில எழுத்துகளால் அடிப்பவருக்கு ஆறு தட்டு. ஆனால் நடுங்கும் கையில் இதே அழகு குழியாக மாறும். விரல் ஒருமுறை துள்ளினால் 'படம்' பட்டமாகிவிடும். 'கதை' கத்தையாகிவிடும். 'மடம்' மட்டமாகிவிடும். எல்லாமே நல்ல தமிழ்ச் சொற்கள் என்பதால் எழுத்துப் பிழை திருத்தியும் வாய் திறக்காது. பவுன்ஸ் கீஸைப் போட்டால் துள்ளல் நிற்கும். ஆனால் உண்மையாகவே 'பட்டம்' அடிக்க வேண்டும்போது இரண்டாவது ட-வுக்கு முன் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதைப் புத்தகம் சொல்லாது. அந்தக் கையோடு உட்கார்ந்து, கால் மணி நேரம் அடித்து அடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழ்99 பற்றி இன்னொன்றும் சொல்கிறேன். உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில் என்று பிரித்திருப்பதால் இரண்டு கைகளும் மாறி மாறித் தாளம் போடும். இரண்டு கை உள்ளவருக்கு அதுவே வேகம். ஒரு கை உள்ளவருக்கோ ஒவ்வொரு உயிர்மெய்க்கும் பலகையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஓட்டம். கிரந்த எழுத்துகள், ஆய்தம் போன்ற சிலவற்றைத் தவிர ஷிஃப்ட் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். அப்படியும் ஒற்றைக் கைக்கு என்று யோசித்து வைத்த பலகை அல்ல அது. ஆங்கிலத்தில் அகஸ்ட் டுவோராக் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனி எழுத்து வரிசைகள் வகுத்தார். விண்டோஸின் விசைப்பலகைப் பட்டியலில் அவை இரண்டும் இன்றும் உள்ளன. தமிழுக்கு அந்தப் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை. கணினித் தமிழில் இருபத்தைந்து ஆண்டுகளாக எவ்வளவோ செய்திருக்கிறோம். இதையும் செய்திருக்க வேண்டும்.

யாருக்காகப் பிறந்தது?

பத்து விரல் கணக்கு எழுத்து இயந்திரத்தோடு பிறந்தது இல்லை. 1808 வாக்கில் இத்தாலியில் பெல்லெக்ரினோ துர்ரி என்பவர் பார்வையிழந்த தன் தோழியான ஒரு பிரபுகுலப் பெண்ணுக்காக ஓர் எழுதும் இயந்திரம் செய்தார். இயந்திரம் மிஞ்சவில்லை. அதில் அந்தப் பெண் அடித்த கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. டென்மார்க்கில் காதுகேளாதோர் பள்ளியை நடத்திய ராஸ்மஸ் மாலிங்-ஹான்சன் 1860களில் பந்து வடிவ எழுத்து இயந்திரம் செய்தார். பார்வை மங்கிய தத்துவ அறிஞர் நீட்சே 1882இல் அதைத்தான் வாங்கினார்.

1874இல் ரெமிங்டன் டைப்ரைட்டர் சந்தைக்கு வந்தபிறகு வேகப் போட்டி தொடங்கியது. 1888இல் சின்சினாட்டி நகரத்தில் ஃபிராங்க் மெக்கர்ரின் என்பவர் பலகையைப் பார்க்காமலே எல்லா விரல்களாலும் அடித்துப் பந்தயத்தில் வென்றார். அந்த வெற்றிதான் உலகமெங்கும் பயிலகங்களுக்குப் போய், மன்னார்குடியில் என் பெரியப்பா கையில் ஸ்கேலாக நின்றது. இயலாமையை நீக்கப் பிறந்த கருவி, ஒரு நூற்றாண்டுக்குள் பத்து விரலும் ஒழுங்காக இருப்பவரின் சொத்தாகிவிட்டது.

அரை நொடிக்குள் இரண்டரை நடுக்கம்

மவுஸின் கதை வேறு. டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ஆயிரம் பேர் முன்னிலையில் அதைக் காட்டியபோது அவர் வலது கையில் மவுஸ் இருந்தது. இடது கையில் ஐந்தே விசைகள் கொண்ட சிறு பலகை இருந்தது. விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி, ஒற்றைக் கையாலேயே முழு எழுத்தும் அடிக்கலாம். மவுஸ் உலகமெங்கும் போனது. ஒரு கைக்கு உகந்த அந்த ஐந்து விசைப் பலகையோ மறந்துபோனது.

எண்பதுகளில் ஆப்பிள் நிறுவனம் லிசா, மேகின்டாஷ் கணினிகளோடு டபுள் கிளிக்கை உலகுக்குப் பழக்கியது. அந்த இரட்டைச் சொடுக்கு என்ன கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சுட்டியை ஒரு சின்னப் படத்தின் மேல் நிறுத்து. அசையாதே. அசையாமலே இரண்டு முறை அழுத்து. அதையும் அரை நொடிக்குள் செய். விண்டோஸ் இயல்பாகத் தருகிற அவகாசம் அவ்வளவுதான். பார்க்கின்சன் நோயில் ஓய்வாக இருக்கும் கை நொடிக்கு நான்கு முதல் ஆறு முறை நடுங்கும். அந்த அரை நொடிக்குள் கை சுமார் இரண்டரை முறை ஆடிவிடும். முடியாததைக் கேட்டுவிட்டு, முடியவில்லை என்றால் 'வயசாயிடுச்சு' என்கிறோம்.

இதற்கு எளிய மருந்து உண்டு. ஒருமுறை சொடுக்கி, என்டர் விசையை அழுத்தினால் போதும். டபுள் கிளிக் அவகாசத்தையும் அமைப்புகளில் நீட்டிக்கொள்ளலாம். சுட்டியின் வேகத்தைக் குறைக்கலாம். இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மவுஸ் கீஸ் வரும். அதன்பிறகு வலப்புற எண் விசைகளே மவுஸாகிவிடும். சுட்டி விசைக்கு விசை நிதானமாக நகரும், கை நடுங்கினாலும் அது நடுங்காது.

2005இல் ஐபிஎம் ஆய்வாளர் ஒருவர், நடுக்கத்தால் அவதிப்பட்ட தன் உறவினரைப் பார்த்து, மவுஸுக்கும் கணினிக்கும் நடுவே மாட்டும் சிறு பெட்டி ஒன்றை உருவாக்கினார். வீடியோ கேமராவில் கை ஆட்டத்தைச் சமன்செய்யும் அதே உத்திதான். நடுக்கத்தை வடிகட்டிவிட்டு, மனம் போக நினைத்த திசையை மட்டும் உள்ளே அனுப்பும். இன்று அதே வேலையைச் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன.

டிராக்பால் இன்னும் பழையது. 1946இல் பிரிட்டனில் ரால்ஃப் பெஞ்சமின் யோசித்தது. 1952இல் கனடா கடற்படைக்காகச் செய்தபோது பவுலிங் விளையாட்டின் பந்தையே எடுத்து வைத்தார்கள். பெட்டி மேசையில் அசையாமல் இருக்கும், பந்து மட்டும் உருளும். விரலாலோ உள்ளங்கையாலோ மணிக்கட்டாலோ காலாலோ கூட உருட்டலாம். இதன் உண்மையான நன்மை வேறிடத்தில் இருக்கிறது. மவுஸில் நகர்த்துவதும் சொடுக்குவதும் ஒரே கைப்பிடியில் நடக்கும், அழுத்தும்போதே நழுவும். டிராக்பாலில் உருட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளலாம். சுட்டி அங்கேயே நிற்கும். பிறகு நிதானமாகப் பொத்தானுக்குப் போகலாம்.

ரெடிமேட் சட்டை போதாது

நல்ல தையற்காரர் சட்டைக்கு அளவெடுக்கும்போது தோளைப் பார்ப்பார், எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்றும் பார்ப்பார். கைக்கு உகந்த கருவி தேடுவதும் அப்படித்தான். தசைச் சிதைவு நோய் உள்ள ஓர் இளைஞருக்கு விரல் நுனி துல்லியமாக வேலை செய்யும், ஆனால் கையைத் தூக்கி நகர்த்த வலு இருக்காது. அவருக்குச் சின்ன விசைப்பலகை வேண்டும். கையை ஓரிடத்தில் வைத்துக்கொண்டே எல்லாம் எட்ட வேண்டும். மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்ணுக்குக் கை வீச்சாகப் போகும், வலுவும் இருக்கும், குறிதான் தவறும். அவருக்குப் பெரிய விசைகள், அவற்றின் மேல் ஒரு கீகார்டு. கீகார்டு என்பது ஒவ்வொரு விசைக்கும் நேரே ஓட்டை போட்ட தட்டு. கையை அதன் மேல் ஊன்றிக்கொள்ளலாம், விரல் ஓட்டைக்குள் இறங்கினால்தான் எழுத்து விழும். ஒருவருக்குக் கொடுத்ததை மற்றவருக்குக் கொடுத்தால் இருவரும் முடங்குவார்கள்.

கீகார்டு செய்வது ராக்கெட் வேலை இல்லை. கடைக்குப் பெயர்ப்பலகை வெட்டும் லேசர் இயந்திரத்தில் அக்ரிலிக் தட்டை வெட்டிவிடலாம். அதேபோல ஒரு சாதாரண மவுஸைத் திறந்து, இடது பொத்தானின் அடியில் இருக்கும் சிறு சுவிட்சின் இரண்டு முனைகளில் வயரைப் பற்றவைத்து, ஒரு 3.5 மில்லிமீட்டர் சாக்கெட்டை வெளியே கொண்டுவந்தால் போதும். பழைய ஹெட்போன் மாட்டும் அதே துளை. உள்ளங்கை அகலப் பொத்தானோ, கால் மிதியோ, தலையால் இடிக்கும் பட்டையோ எதை வேண்டுமானாலும் அதில் மாட்டிச் சொடுக்கலாம். சென்னை ரிச்சி தெருவில் சர்வீஸ் பார்க்கும் பையன் அரை மணி நேரத்தில் செய்து தருவான். 2018இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரின் பின்பக்கத்தில் வரிசையாக 19 துளைகள் இருக்கின்றன. அவையும் இதே 3.5 மில்லிமீட்டர்தான்.

கையே இல்லை என்றாலும் ஒரு தசை போதும். 1960 வாக்கில் இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டெவில் மருத்துவமனையில் கழுத்துக்குக் கீழே அசைவற்றவர்களுக்குக் கூப்பிட ஒரு விசில் மட்டுமே இருந்ததைப் பார்த்தார் ரெஜ் மாலிங். ஊதவும் உறிஞ்சவும் முடிகிறதே, அதை வைத்தே டைப்ரைட்டரை இயக்க வழி செய்தார். 'பாஸம்' என்று பெயர். லத்தீனில் அதற்கு 'என்னால் முடியும்' என்று பொருள். ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத்துத் தசையின் அசைவை மூக்குக்கண்ணாடியில் பொருத்திய உணரி பார்த்துக்கொள்ள, அந்த ஒரே சமிக்ஞையால் புத்தகங்களும் உரைகளும் எழுதினார். அவருக்காக இன்டெல் உருவாக்கிய மென்பொருள் 2015 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறது.

கைக்கு ஏற்ப வேலையை மாற்றும் இந்தச் சிந்தனையில் வேலூருக்குப் பெரிய இடம் உண்டு. 1940களின் இறுதியிலிருந்து சிஎம்சி மருத்துவமனையில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்த மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அந்தக் கை அறுவைகளைச் செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழக் காரணமாக இருந்தவரும் அவர்தான். தன் உடலுக்கு ஏற்ப அறுவை மேசையை அமைத்துக்கொண்டவருக்கு மற்றவர் கைக்கு எது வேண்டும் என்று யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

தேர்வு அறையில்

2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, பார்க்கின்சன் எல்லாம் அதில் உண்டு. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் கொண்ட ஒருவர் தேர்வு எழுத உதவியாளர் கேட்டு வழக்காடினார். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது. குறைபாடு 40 சதவீதத்தைத் தொட வேண்டும் என்ற கோடு அதற்குத் தடையில்லை என்றும் சொன்னது.

நல்ல தீர்ப்பு. ஆனால் தேர்வுக் கணினியைப் பாருங்கள். ஜேஇஇ மெயின், கேட் (GATE) தேர்வுகளில் எண்ணை விடையாகத் தரும் கேள்விகளுக்கு கீபோர்டைத் தொடக் கூடாது. திரையில் வரைந்த எண் பலகையை மவுஸால் இலக்கம் இலக்கமாகச் சொடுக்க வேண்டும். முறைகேட்டைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. நடுங்கும் கைக்கு விசையில் ஒரு தட்டாக இருந்திருக்க வேண்டியது, திரையில் நான்கு முறை குறி தவறும் வேலையாகிவிடுகிறது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கொடுக்க விதி இருக்கிறது. அந்த நேரத்தையும் மவுஸே தின்றுவிடும். கூடவே, தான் பழகிய கீகார்டையும் டிராக்பாலையும் கொண்டுவர அந்த மாணவரை விட வேண்டும். அவருக்குக் கணக்குத் தெரியுமா என்பதைத்தானே தேர்வு கேட்க வந்தது?

2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல் நெறிகள், சொடுக்கும் இடம் குறைந்தது 24 பிக்செல் அகல உயரம் இருக்க வேண்டும் என்கின்றன. இழுத்து விடும் வேலைக்கு மாற்று வழி வேண்டும் என்றும் சொல்கின்றன. நம்முடைய ஆன்லைன் விண்ணப்பப் படிவங்களை இந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.

தொட்டுப் பார்த்து வாங்க இடம் இல்லாததும் பெரிய குறை. சென்னை காமராசர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் 2022இல் திறந்த 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்' இந்த வகையில் அருமையான இடம். கருவிகளைக் கண்ணாடிக்குள் பூட்டாமல் கையில் எடுத்துப் பார்க்க வைத்திருக்கிறார்கள். வித்யாசாகர் போன்ற அமைப்புகளும், ஆய்க்குடி அமர் சேவா சங்கமும் பல ஆண்டு அனுபவம் சேர்த்து வைத்திருக்கின்றன. மற்ற ஊர்களில் பக்கவாதம் வந்தவரை மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போது, மாத்திரைச் சீட்டும் உடற்பயிற்சித் தாளும் கொடுக்கிறார்கள். 'வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறதா, எந்தக் கையால் அடிப்பீர்கள்?' என்று ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்பது அரிது. பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

அவர் இப்போது ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். வலது கையை ஸ்கேலின் மேல் பாரமாக வைத்து, இடது கையால் கோடு போட்ட நோட்டு. பழைய மாணவர் ஒருவரின் மகனுக்கு ரைஸ் மில்லில் வலது கை போய்விட்டதாம். டைப்பிங் கற்றுக்கொள்ள முடியுமா என்று போனில் கேட்டிருக்கிறார்கள். முதல் பக்கத்தில், 'இடது கை மட்டும். பாடம் 1' என்று தலைப்பு. அதன்கீழ் ய ள ன க ப க. இரண்டாம் பாடத்திலிருந்து அதே கை வலப்பக்கத்து எழுத்துகளுக்குப் போய்த் திரும்புகிறது. எந்த விரல் எதற்கு என்று ஒவ்வொன்றையும் தானே பத்து நாள் அடித்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறார். சில இடங்களில் அடித்துத் திருத்தியிருக்கிறார், ஓரிடத்தில் மூன்று முறை.

போன வாரம் பார்த்தபோது எட்டாம் பாடத்துக்கு வந்திருந்தார். தலைப்பு 'ஷிஃப்ட்'. கீழே கோணலான இடது கை எழுத்தில் ஒரே வரி: 'முதலில் ஐந்து தட்டு. வரும் பெட்டியை மூடாதே.'